ஒரு கைப்பிடிக் கொட்டைக்கு மாற்றிப் படித்த கதை

எங்கள் ஏற்காடு காப்பி எஸ்டேட்டின் ஸ்டோரில் கதை படிப்பவருக்குக் கூலி உண்டு. காசாக இல்லை, கொட்டையாக.

காப்பிப் பழத்தைத் தோல் நீக்கிக் களத்தில் காயவைத்த பிறகு, கொட்டையைக் கையால் பொறுக்க வேண்டும். கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் முறத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் சாக்கில் போட வேண்டும். தை, மாசி மாதங்களில் பதினொரு பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து இதைச் செய்வோம். சாயங்காலம் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து அவரவர் சாக்கை எடை போடுவார். ஒருத்தி போனைப் பார்த்துக் கதை படித்துக்கொண்டிருந்தால் அவள் சாக்கு எப்படி நிறையும்? அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஒரு பாகம் முடிந்ததும் மற்ற பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு கைப்பிடி நல்ல கொட்டையை என் சாக்கில் போடுவார்கள். உள்ளங்கை குவிய அள்ளிப் போட்டால் கதை பிடித்திருக்கிறது. விரல் நுனியில் கிள்ளிப் போட்டால் பிடிக்கவில்லை. யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிக்க ஆள் வராத ஞாயிறுகளில் என்னைத்தான் நிறுத்துவார்கள். அப்படி நின்று நின்று நாக்கு திரும்பிவிட்டது. சேலத்தில் கல்லூரிக்குப் போகும் என் மகள் போனில் ஒரு கதை ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். ஸ்டோருக்குள் டவர் எடுக்காது. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் பேசுவதற்கு மட்டும் எடுக்கும், கதை இறங்காது. அதனால் காலையில் கொட்டச்சேட்டில் பஸ் நிற்கும் வளைவுக்குப் போய் அன்றைய பாகத்தை இறக்கிக்கொண்டு வருவேன். இறக்கியது உண்மையிலேயே இறங்கியதா என்று மூன்று தடவை திறந்து பார்ப்பேன். என் சுபாவம் அப்படி. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போவேன். பார்த்துவிட்டு வந்த பிறகு, பார்க்கப் போனபோது கதவைப் பூட்டினேனா என்ற நினைப்பு வரும்.

அந்த ஆப்பில் அடிமைக் கதைகள் என்றே ஒரு வரிசை இருக்கிறது. நான் எண்ணிப் பார்க்கவில்லை, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றிலும் ஒரு பெண்ணை யாரோ விற்றுவிடுவார்கள். வாங்குகிறவன் ஆறடி உயரம் இருப்பான். கோபம் வந்தால் கை நரம்பு புடைக்கும். அவன் அடிப்பான், அப்புறம் அவனே மருந்து போடுவான். மருந்து போடும் பாகத்துக்குத்தான் நட்சத்திரம் அதிகம். கீழே வாசகர்கள் "ஹீரோ பாவம், சின்ன வயசுல அவருக்கு யாரும் பாசம் காட்டல" என்று எழுதியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் படித்தேன், பொய் சொல்லக் கூடாது. அவன் மருந்து போடும் பாகத்தை நானும் இரண்டு தடவை படித்தேன்.

இந்த வருஷம் எடுத்த கதையும் அப்படிப்பட்டதுதான். சித்தப்பன்காரன் விற்றுவிட்ட பெண். மலை மேல் பெரிய பங்களா. "நீ என் அடிமை" என்று பாகத்துக்கு ஒரு தடவையாவது சொல்லும் எஜமான். என் எதிரே உட்காரும் புதுப்பெண்ணுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். அவள் அந்த எஜமானை "நம்ம தொர" என்றுதான் சொல்வாள். நம்ம தொர இன்னைக்கு என்ன பண்றாருங்க்கா என்று முறத்தை மடியில் வைத்ததும் கேட்பாள். உன் வீட்டுத் தொர காலையில் என்ன பண்ணினார் என்று பக்கத்துப் பெண் கேட்பாள். சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

வரிசையில் கடைசியாக, ஜன்னலோரம் உட்காருபவர் பங்களா அக்கா. அறுபது வயது இருக்கும். அடுத்த எஸ்டேட் பங்களாவில் வேலை செய்தவர் என்பதால் அந்தப் பெயர். வேலை என்று சொல்கிறேன், அது சரியான வார்த்தையா என்று தெரியவில்லை. ஒன்பது வயதில், அந்த வீட்டில் பிறந்த பெண் குழந்தையைத் தூக்கி வைத்திருக்க அவரைக் கொண்டுபோய் விட்டார்கள். குழந்தை வளர்ந்து படிக்கப் போய்விட்டது. அக்கா அங்கேயே இருந்தார். சம்பளம் என்று ஒன்று கிடையாது. சோறு, துணி, கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலை. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை அந்த வீட்டுத் தொரசானி, இவள் போய்விட்டால் என்னை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். தொரசானி செத்துப்போய் ஆறு வருஷம். பங்களாவைப் பூட்டியதும் அக்கா எங்கள் லைன் வீட்டில் ஒரு அறைக்கு வந்து, பொறுக்குகிற வேலையில் சேர்ந்தார்.

அந்தப் பங்களாவை இப்போது திறந்துவிட்டார்கள். டூரிஸ்டுகளுக்கு அறை விடுகிறார்கள். நடத்துவது அக்கா தூக்கி வளர்த்த அந்தப் பெண். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மாவை அக்கா இன்றும் பாப்பா என்றுதான் சொல்வார். பொங்கல் முடிந்த வாரம் பாப்பா நேரில் வந்து அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். நீ எங்க குடும்பம், முன்ன மாதிரியே வந்து எங்ககூட இரு, தவக்காலம் தொடங்குற சாம்பல் புதனுக்குள்ள சொல்லு என்று. அக்கா எங்களிடம் அதிகம் சொல்லவில்லை. போவதா வேண்டாமா என்று மட்டும் தெரியவில்லை என்றார். அன்றிலிருந்து அக்கா கதையைக் கேட்ட விதம் மாறியது. முறத்தில் விரல் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் பார்வை என் வாயில் இருக்கும்.

அப்போதுதான் அந்தப் பாகம் வந்தது. எஜமான் அந்தப் பெண்ணை அறையில் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறான். இரண்டு நாள் கழித்து வந்து கதவைத் திறந்து, தன் கையாலேயே ஊட்டுகிறான். அவள் அவன் விரல்களைப் பார்க்கிறாள். அந்த நொடியில் அவள் மனசு அவனிடம் போய்விட்டது என்று எழுதியிருந்தது. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். புதுப்பெண் கண்ணைத் துடைத்தாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது பங்களா அக்காவின் விரல் முறத்தில் அப்படியே நின்றிருந்தது. பாகம் முடிந்தது. ஒன்பது பேர் கைப்பிடி போட்டார்கள். அக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அவர் போடாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

வாழ்நாள் முழுக்க அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவர் முன்னால் இதைப் படித்துவிட்டோமே, இதைக் கேட்டுக் கேட்டு அவர் திரும்பி அங்கேயே போய்விட்டால் என்ன செய்வது என்று மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் காலை வளைவில் நின்று அடுத்த பாகத்தை முன்கூட்டியே படித்தேன். அந்தப் பெண் அவனுக்காகக் கோலம் போடுகிறாள். ஸ்டோருக்கு வந்து உட்கார்ந்து, போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கோலம் இருந்த இடத்தில் அவள் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்க்கிறாள் என்று படித்தேன்.

முதலில் ஒரு வரி. அப்புறம் ஒரு பக்கம். வாசகத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலே பாவம் என்று நினைப்பவள் நான். எப்படித் துணிந்தேன் என்று இப்போதும் விளங்கவில்லை. ஒரு வாரத்தில் போனில் இருந்த கதை ஒரு பக்கமும் என் கதை வேறு பக்கமும் போய்விட்டன. போனில் அவர்கள் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தார்கள். என் கதையில் எஜமான் சேலத்துக்குப் போன ஒரு மத்தியானம், மேஜை மேல் மறந்துவிட்டுப் போன சாவியை அவள் எடுத்தாள். கேட்டைத் திறந்தாள். பஸ் ஏறினாள். சேலம் போகும் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒன்று விடாமல் இறக்கினேன். கடைசி வளைவில் புதுப்பெண்ணே கைதட்டினாள், அவளுடைய தொர தனியாக இருப்பதை மறந்து. அன்று என் சாக்கில் விழுந்த கொட்டை அந்த வருஷத்திலேயே அதிகம். பங்களா அக்கா மட்டும் கையை என் சாக்குக்கு மேலே நிறுத்தி, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம் விட்டார். சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் களத்தில் என்னிடம் சொன்னார்.

"பாப்பாக்கிட்ட வரலன்னு சொல்லிட்டேன் கண்ணு."

அதைத்தானே விரும்பினேன்? ஆனால் அவர் சொன்னதும் என் மனசு அப்படியே புரண்டுவிட்டது. லைன் வீட்டில் ஒற்றை அறை. மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறும். முட்டி வலிக்கிறது என்று ஒரு வருஷமாகச் சொல்கிறார். அங்கே போயிருந்தால் நேரத்துக்குச் சோறு, டாக்டர், வெந்நீர். நான் கைப்பிடிக் கொட்டைக்காக ஒரு பெண்ணை பஸ் ஏற்றப்போய், ஒரு வயசான மனுஷிக்கு இருந்த ஒரு கதவையும் அடைத்துவிட்டேனோ? எதனால் வரமாட்டேன் என்றீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. உன் கதையால்தான் என்று சொல்லிவிட்டால்?

அந்த வாரக் கடைசியில் குட்டு உடைந்தது. புதுப்பெண்ணுக்குப் பொறுமை இல்லை. ஏற்காடு கடைவீதிக்குப் போனபோது தன் போனிலேயே ஆப்பை ஏற்றி, தள்ளித் தள்ளிக் கடைசியாக வந்த பாகம் வரைக்கும் பார்த்துவிட்டாள். காலையில் வந்து முறத்தைக் கூட எடுக்கவில்லை.

"ஏனுங்க்கா, நம்ம தொரைக்கு நேத்து ரெட்டைக் கொழந்தை பொறந்துருச்சு. நீங்க என்னமோ அவள சேலம் பஸ் ஸ்டாண்டுல நிக்க வெச்சிருக்கீங்க?"

அப்புறம் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். கோபமா சிரிப்பா என்று பிரிக்க முடியாத பேச்சு. ஒருத்தி, டிக்கெட் எடுத்தாளா இல்லை அதையும் நீயே கொடுத்தாயா என்று கேட்டாள். இன்னொருத்தி, இந்த வாயால் கோயிலில் வாசகம் வேறு படிக்கிறாயே, அங்கே எத்தனை பேரை பஸ் ஏற்றிவிட்டாய் என்றாள். எனக்கு அதுதான் வலித்தது. பொய்க் கதைக்குக் கைப்பிடி வாங்கியிருக்கிறேன், அது அவர்கள் உழைப்பு. இனிமேல் உன் சாக்கை நீயே நிரப்பிக்கொள் என்று முடிவானது. நியாயம்தான். நான் பங்களா அக்காவைப் பார்க்கவே இல்லை. அவர்தான் ஜன்னலோரத்திலிருந்து கேட்டார்.

"அப்ப அந்தக் கதையில அவ போவவே இல்லியா?"

இல்லைங்க்கா என்றேன். அவர் மறுபடி பொறுக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் அறைக்குப் போனேன். என்னால்தான் இப்படி ஆகிவிட்டது, பாப்பாவிடம் மறுபடி பேசுங்கள், இல்லாவிட்டால் நான் பேசுகிறேன் என்று வாசலில் நின்றே கொட்டித் தீர்த்தேன். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நிஜக் கதையைப் படி என்றார்.

படித்தேன். ஒரு வரி மாற்றவில்லை. நிஜக் கதையிலும் சாவி அவள் கைக்கு வருகிறது. எஜமானே கொடுக்கிறான், போவதென்றால் போ என்று. அவள் கேட் வரைக்கும் போகிறாள். திரும்பிப் பார்க்கிறாள். அவன் கண்ணில் தன்னையே பார்க்கிறாள். ஓடி வந்து சாவியை அவன் காலடியில் வைக்கிறாள். பாகம் முடிந்தது. அக்கா பழக்கதோஷத்தில் ஒரு கைப்பிடி அரிசியை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம் தானே பார்த்துச் சிரித்தார்.

"அவ எங்க படுத்தா கண்ணு?"

கதையில் அது இல்லை.

"சோறு எப்பத் தின்பா? அவங்க தின்னதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அதுவும் இல்லை. எழுநூறு பாகத்துக்கு மேல் போகும் கதை, நான் படித்த வரைக்கும் அவள் என்றைக்கு எப்போது சாப்பிட்டாள் என்று எங்கேயும் இல்லை. அவன் ஊட்டிய அந்த ஒரு தடவையைத் தவிர.

"சரி, உன் கதையில பஸ் ஏறுனாளே. எறங்கி எங்க போனா?"

வளைவுகளைத்தான் எண்ணினேனே தவிர, அவள் இறங்கிய பிறகு எங்கே போவாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கைதட்டு வந்ததும் எனக்குப் போதுமாக இருந்தது.

அப்போதுதான் அவர் சொன்னார். நான் சுருக்கித்தான் எழுத முடியும். அந்த வீட்டில் அவரை யாரும் பூட்டவில்லை. அத்தனை அறைச் சாவியும், கேட் சாவியும் சேர்த்த கொத்து அவர் இடுப்பில்தான் இருந்தது. படுத்தது தொரசானி அறை வாசலில், நடையில். இருபது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது ஒரு நாள் அந்தச் சாவிக்கொத்தோடேயே கிளம்பி ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்தார். சேலம் பஸ் ஒன்று போனது. இன்னொன்றும் போனது. மூன்றாவது பஸ் வரும்போது எழுந்து பங்களாவுக்கு நடந்துவிட்டார். நாலு மணிக்குத் தொரசானிக்கு மாத்திரை.

"பாசம்னு சொன்னாப் பொய்யி. பயம்னு சொன்னாலும் பொய்யி. எதுக்குத் திரும்பி வந்தேன்னு எனக்கே தெரியல. கதையில வர்ற அவளுக்காச்சும் தெரிஞ்சிருக்கும், சொல்லுவான்னு கேட்டுட்டு இருந்தேன். நீ நடுவுல அவள பஸ்ஸு ஏத்திட்ட."

அன்று கைப்பிடி போடாமல் எழுந்தது எதற்கு என்று கேட்டேன். பூட்டிய கதவைத் திறந்தவனைப் பார்த்து அவள் ஏன் அழவில்லை, ஏன் கத்தவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். தானும் கத்தியதில்லை என்று ஞாபகம் வந்ததாம். கைப்பிடி மறந்துவிட்டதாம். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நான் ஒரு கதையையே கவிழ்த்திருக்கிறேன்.

நான் படித்த மற்றக் கதைகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஆப்பில் வருவது மட்டுமில்லை, சின்ன வயதில் வாடகைப் புத்தகக் கடையில் எடுத்துப் படித்த ராஜா காலத்துக் கதைகளும். அதில் அடிமைகள் ஒன்று ஓடிப்போவார்கள், இல்லை எஜமானுக்காக மார்பில் அம்பு வாங்கிச் சாவார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் நாலு மணி மாத்திரைக்குத் திரும்பி வருபவளை ஒன்றிலும் பார்த்த நினைவில்லை. எழுதினால் யார் கைப்பிடி போடுவார்கள்? நானே போடுவேனா?

அவர் பாப்பாவிடம் வரமாட்டேன் என்று சொன்னதற்கு என் கதைதான் காரணமா என்று கடைசியில் கேட்டுவிட்டேன். கொஞ்சம் என்றார். ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பேன், இல்லை என்றிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன். கொஞ்சம் என்பதை எங்கே வைப்பது?

அக்காவே பட்டன் போனை எடுத்து என்னிடம் நீட்டி, பாப்பா நம்பரைப் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். வருகிறேன் என்றார் அக்கா. பாப்பா சந்தோஷத்தில் என்னென்னமோ பேசினார். ஆனால் காலை பஸ்ஸுக்கு வந்து சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன், ராத்திரி தங்க மாட்டேன், மாசம் பிறந்தால் மற்ற வேலைக்காரர்களுக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதைக் கொடுத்துவிடுங்கள் என்றார் அக்கா. அப்புறம் பாப்பாவின் குரல் உடைந்து வந்தது.

"என்ன இது, வேத்து மனுஷி மாதிரி பேசற? உன் ரூம அப்படியே வெச்சிருக்கேன்."

அக்கா போனைப் பார்த்தார்.

"எனக்கு ரூம் இருந்துச்சா சாமி?"

பாப்பா அழுதார். நடித்த அழுகை இல்லை, எனக்குக் கேட்டால் தெரியும். அக்காவும் அழுதார். தூக்கி வளர்த்தவரும் வளர்ந்தவரும் அழுகிறார்கள், நடுவில் நான் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யார் பக்கம் இரக்கப்படுவது என்று தெரியவில்லை. ஆப் கதையாக இருந்தால் எந்த இடத்தில் உச்சுக் கொட்ட வேண்டும் என்று எழுதியவரே காட்டிக் கொடுத்திருப்பார். கடைசியில் பாப்பா, உன் இஷ்டம் என்றார். அதைக் கோபமாகச் சொன்னாரா சம்மதமாகச் சொன்னாரா என்று நாங்கள் இருவரும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். முடிவு தெரியவில்லை.

சாம்பல் புதன் முடிந்த மறுநாளிலிருந்து அக்கா போகிறார். ஸ்டோரில் ஜன்னலோரம் காலியாக இருக்கிறது. புதுப்பெண் தன் போனில் அவளே கதை படிக்கிறாள். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள், ஆனால் மாற்றாமல் படிக்கிறாள். நானும் ஒரு கைப்பிடி போடுகிறேன். ஒரு நாள் அவள் பாதியில் நிறுத்தி, உங்கள் கதையில் அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில் நின்றாளே, அப்புறம் என்ன ஆனாள் என்று மெதுவாகக் கேட்டாள். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்கு நான் வளைவில் போய் நிற்கிறேன். டவர் பார்க்க வந்ததாகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். இறங்குவாரா, அங்கேயே தங்கிவிட்டாரா என்று பார்க்கத்தான். பஸ் தாமதமானால் அன்று இரவுச் சமையல் நடக்காது. ஒவ்வொரு நாளும் இறங்கினார்.

போன வெள்ளிக்கிழமையும் இறங்கினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் கால் வைத்தபோது அவர் இடுப்பில் ஏதோ கலகலவென்றது. பார்த்தேன். சாவிக்கொத்து. வேறு யாரிடமும் கொடுக்கப் பாப்பாவுக்கு மனசு வரவில்லையாம். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். பாப்பா கொடுத்தா, வாங்கினேன் என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது, அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது போல எனக்குப் பட்டது. லைன் வீடு வரைக்கும் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. நாளைக்கும் இந்த வளைவில் வந்து நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.